கம்பிவேலிக்கு இந்தப் பக்கம்

புதுக்கோட்டை சாலையில் இன்று நிற்கும் திருச்சி விமான நிலையம் என் ஆயுளில் நான் பார்க்கும் மூன்றாவது கட்டடம். 2024 ஜனவரி 2ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்தார். அந்த ஆண்டு ஜூன் 11 முதல் பயணிகள் புழங்கத் தொடங்கினார்கள். அதற்கு முந்தையது 2009 பிப்ரவரியில் திறந்தது. நான் ஏங்குவது இந்த இரண்டுக்கும் அல்ல. அவற்றுக்கும் முன்னால் அதே சாலையில் இருந்த சின்னக் கட்டடத்துக்கு. அதை இடிக்கவில்லை. 2009க்குப் பிறகு சரக்குப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டார்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போகிற காய்கறியும் பூவும் அந்த வழியாகக் கிளம்பின. மனிதர்கள் கண்ணீரும் கம்பலையுமாக நின்ற கூடத்தில் முருங்கைக்காய்க் கட்டுகளை எடை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வருத்தமாக இல்லை. காவிரிக் கரையில் விளைந்தது கடல் கடந்து நம்மவர் சமையலறைக்குத்தானே போகிறது. ஆனால் அந்தக் கட்டடத்தின் பின்பக்கம் ஓடிய கம்பிவேலியை நினைத்தால் மட்டும் நெஞ்சு கனத்துவிடும்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், வடக்குச் சித்திரை வீதியில். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. வாரம் முழுக்க இன்ஜினோடு மல்லுக்கட்டிய மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விமானம் பார்க்க வேண்டும். 'ஏரோடிரோம் போலாமா?' என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே மத்தியானச் சாப்பாட்டிலிருந்து காத்திருப்போம். பஸ் காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம், பாலக்கரை, ஜங்ஷன், டிவிஎஸ் டோல்கேட் என்று வந்து சுப்பிரமணியபுரத்தைக் கடந்ததும் ஊர் தீர்ந்துவிடும். அப்புறம் வெயிலில் காய்ந்த பொட்டல், கருவேலம், ஆங்காங்கே பனை, மேயும் ஆடுகள். கொட்டப்பட்டு தாண்டியதும் வெள்ளையடித்த தாழ்வான கட்டடமும், கம்பத்தில் ஆடும் காற்றுப்பையும் தெரியும். காற்றுப்பை எந்தப் பக்கம் பறக்கிறதோ அதைப் பார்த்தே விமானம் எந்தப் பக்கமிருந்து இறங்கும் என்று அப்பா சொல்லிவிடுவார். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. காற்று மேற்கிலிருந்து வீசினால் திருவெறும்பூர்ப் பக்கமிருந்து விமானம் வரும். சரியாக அப்படியே வரும். எங்கள் ஊர்க்காரர் சுஜாதா, பாரத் எலக்ட்ரானிக்ஸில் சேருவதற்கு முன் விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தவர். ஸ்ரீரங்கத்துத் திண்ணைகளில் அவருடைய கதைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அப்பா அந்த வேலையைத்தான் பெரிதாகச் சொல்வார்.

நிலையம் என்று பெயரே தவிர, பெரிய கல்யாண மண்டபம் அளவுகூட இருக்காது. முன்வாசலில் நுழைந்தால் ஒரு கூடம். இடப்பக்கம் டிக்கெட் பார்க்கும் மேசை, பக்கத்தில் பெட்டிகளை ஏற்றும் எடை மேடை. அதன் முள் இருபது கிலோவைத் தாண்டுகிறதா என்று பயணியின் மொத்தக் குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். தாண்டினால் அங்கேயே தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து, ஊறுகாய் ஜாடியா புதுப் போர்வையா என்று தீர்மானம் செய்வார்கள். பெரும்பாலும் போர்வைதான் வீட்டுக்குத் திரும்பும். கூடத்தைத் தாண்டினால் பின்பக்கம் வெட்டவெளி. இடுப்பளவுக் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், விமானம்.

அன்றைக்கு வந்தவற்றில் எனக்குப் பிடித்தது இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ. கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த, இரண்டு உந்துவிசிறி வைத்த விமானம். அது கிளம்புவதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. சக்கரம் வைத்த தீயணைப்புக் குடுவை ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து ஒருவர் இறக்கைப் பக்கம் நிற்பார். இன்னொருவர் கையை உயர்த்தி ஒரு விரலைச் சுழற்றுவார். விசிறி முதலில் சோம்பலாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று; பிறகு இதழ்கள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து வெறும் வட்டமாகிவிடும். காதைத் துளைக்கும் கீச்சொலி வரும். டார்ட் இன்ஜினுக்கே உரிய சத்தம் அது. அடுத்த விசிறியும் பிடித்துக்கொண்டதும் மண்ணெண்ணெய் வாடையோடு ஒரு சூடான காற்று வேலியைத் தாண்டி வந்து முகத்தில் அறையும். செம்மண் புழுதி, காய்ந்த வேப்பஞ்சருகு எல்லாம் பறக்கும். பெண்கள் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார்கள். கைக்குழந்தைகள் வீரிடும். சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கட்டைகளை இழுத்துவிட்டு, கயிற்றோடு தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தபடி விலகுவார். விமானம் அசையும்.

ஆனால் அப்பா பார்க்க வந்தது விமானத்தை. அங்கே வந்த மற்றவர்களெல்லாம் பார்க்க வந்தது மனிதரை.

அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், பேராவூரணி, பெரம்பலூர், கும்பகோணம் என்று எங்கிருந்தெல்லாமோ வேன் வரும். ஒருவர் பயணம் போக, இருபது பேர் வழியனுப்ப வருவார்கள். தாய்மாமன், சித்தப்பா, பங்காளி, பக்கத்து வீட்டுக்காரர், கடன் கொடுத்தவர் வரைக்கும் உண்டு. கிளம்புகிறவருக்கு மட்டும் புதுச் சட்டை, கழுத்தில் சந்தனமாலை. மரத்தடியில் ஜமக்காளம் விரித்து எவர்சில்வர் தூக்கில் கொண்டுவந்த புளியோதரையைப் பிரிப்பார்கள். கிளம்புகிற பிள்ளைக்குத் தொண்டையில் இறங்காது. 'ஒரு வாய் சாப்பிடுடா' என்று அம்மா கெஞ்சிக்கொண்டிருப்பாள். அட்டைப்பெட்டியைச் சுற்றி நைலான் கயிறு கட்டி, மேலே கொட்டை எழுத்தில் பேரும் ஊரும் எழுதியிருக்கும்.

கூடத்துக்குள் போய்விட்ட பையன் கொஞ்ச நேரம் காணாமல் போவான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அத்தனை பேரும் வேலிக்கு ஓடி இடம் பிடிப்பார்கள். பின்வாசல் திறந்து பயணிகள் வரிசையாக வெயிலில் நடந்து போவார்கள். யார் யாருடையவர் என்பது வேலியில் எழும் குரலை வைத்தே தெரிந்துவிடும். படிக்கட்டு வண்டியில் ஏறி, உச்சிப்படியில், கதவுக்குள் தலையைக் குனிவதற்கு முன்னால், எல்லோரும் ஒரு தடவை திரும்புவார்கள். அந்த ஒரு திரும்பலுக்காகத்தான் அத்தனை வேனும் அத்தனை தூரம் வந்தது.

என் அண்ணாவும் ஒருநாள் அப்படிப் போனான். ஏர்லங்கா விமானத்தில் கொழும்புக்குப் போய், அங்கே மாறி துபாய். அந்த நாளில் திருச்சிக்காரர்களுக்குக் கொழும்புதான் உலகத்தின் வாசல். இங்கிருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கொழும்பு. அங்கிருந்து எந்தத் திசைக்கும் போகலாம். அண்ணா உச்சிப்படியில் திரும்பினான். ஆனால் அவன் கண் எங்கள் பக்கம் வரவில்லை. வேலியின் இன்னொரு முனையில், கும்பகோணத்து வேன்காரர்களிடம் எங்களைத் தேடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் குரலே எழும்பவில்லை. அப்பா கையிலிருந்த கறுப்புக் குடையைப் பட்டென்று விரித்து, தலைக்கு மேல் உயர்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டினார். பங்குனி வெயிலில் நூறு தலைக்கு மேலே ஒரே ஒரு குடை. அண்ணா பார்த்துவிட்டான். பின்னாலிருந்தவர் முதுகில் தொட்டு நகரச் சொல்லும்வரைக்கும் கையை ஆட்டினான். விமானம் புள்ளியாகித் தேய்கிறவரைக்கும் அப்பா குடையை மடக்கவில்லை. அப்பா கடைசிவரை விமானம் ஏறாதவர். அண்ணா போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தார். 'கொழும்பு பிளேன் சரியான நேரத்துக்கு வந்துதா?' என்று அம்மா கேட்பாள், ஏதோ அதில்தான் அண்ணா திரும்பப் போகிறான் என்பதுபோல.

ஏன் திருச்சி? கடல் இல்லை, துறைமுகம் இல்லை, தலைநகரம் இல்லை. வரலாற்றைப் புரட்டினால் காரணம் கிடைக்கிறது. கராச்சியிலிருந்து சென்னைவரை தபால் விமானம் ஓட்டிக்கொண்டிருந்த டாட்டா நிறுவனம் 1938இல் அந்தத் தடத்தைத் திருச்சி வழியாகக் கொழும்புக்கு நீட்டியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படை இந்தத் தளத்தைப் பயன்படுத்தியது. விடுதலைக்குப் பிறகு ஏர் சிலோன் யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து இங்கே பறந்தது. ஆனால் அன்றைக்கெல்லாம் விமானம் வசதிபடைத்தவர்களுக்கு. சாதாரண ஜனம் இலங்கைக்குப் போனது ரயிலில்தான். எழும்பூரில் கிளம்பும் போட் மெயில் திருச்சி வழியாகத் தனுஷ்கோடி போகும். அங்கிருந்து இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் தலைமன்னாருக்கு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 80களின் கலவரக் காலத்தில் நின்றுபோனது. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் நாகப்பட்டினம் வழியாகக் கப்பல்; முதலில் ரஜூலா, பிறகு எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரி 12இல் சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. அதோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது. டெல்டாவும் புதுக்கோட்டையும் ராமநாதபுரமும் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கப் போன வழிகள் ஒவ்வொன்றாக அடைபட, அந்த ஜனமெல்லாம் வந்து சேர்ந்த இடம் புதுக்கோட்டை சாலையின் சின்னக் கட்டடம். நாகைத் துறைமுகத்தின் அழுகையும் தனுஷ்கோடி ஜெட்டியின் அழுகையும் கம்பிவேலிக்கு இடம்பெயர்ந்தன. 2012 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதை சர்வதேச விமான நிலையம் என்று அறிவித்தபோது எங்கள் ஊரில் யாரும் வியக்கவில்லை. ஜனங்கள் அதை எப்போதோ அப்படி ஆக்கிவிட்டிருந்தார்கள்.

இலங்கையின் 83 கலவரத்துக்குப் பிறகு எங்கள் வீதிக்கு ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் குடிவந்தது. தெல்லிப்பழைக்காரர்கள். அந்த அம்மா அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். எங்கள் எல்லோருக்கும் டீச்சர். ஒரு மகள், ஒரு மகன். பலாலி ஓடுதளத்துக்குப் பக்கத்து ஊர் என்பதால் விமானச் சத்தத்தில் வளர்ந்தவர் டீச்சர். ஏர் சிலோன் காலத்தில், புதிதாகக் கல்யாணம் ஆன சமயம், கணவரோடு பலாலியில் ஏறித் திருச்சியில் இறங்கி, ரங்கநாதரையும் தாயுமானவரையும் தரிசித்துவிட்டுப் புடவைகளோடு திரும்பியிருக்கிறார். அதே கட்டடத்துக்கு இரண்டாவது முறை வந்தபோது கணவர் இல்லை, வீடு இல்லை. கையில் ஒரு பெட்டியும் இரண்டு பிள்ளைகளும்.

டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டாயிற்று. கொழும்பு விமானம் வருகிற நாள்களில் மத்தியானமே தலைவாரி, வெளுத்த நூல்புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். 'யாராவது வரேன்னு எழுதியிருக்காளா டீச்சர்?' என்று அம்மா கேட்டால், 'இல்லைப் பிள்ளை. எங்கட சனம் ஆரும் வருதோ எண்டு பாத்திட்டு வாறன்' என்பார். 'காபி சாப்பிட்டுட்டுப் போங்கோ' என்பாள் அம்மா. 'பிளேன் வந்திடும்' என்று நடையைக் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பாவும் நானும் கூடப் போவோம். இறங்கி வருகிற ஒவ்வொரு முகத்தையும் டீச்சர் பார்ப்பார். நெற்றியில் விபூதியோடு யாராவது வந்தால் வேலியோரமாகவே கூட நடந்து, 'தம்பி, நீங்கள் எந்த ஊர்?' என்று கேட்பார். மானிப்பாய், கொக்குவில், சாவகச்சேரி என்று ஏதாவது ஒரு பேர் கிடைத்துவிட்டால் போதும். அங்கே இன்னார் சுகமா, இன்ன ரோட்டில் ஷெல் விழுந்ததா, கோயில் திருவிழா நடந்ததா என்று கேட்டு முடிப்பதற்குள் வந்தவர் வெளிவாசலுக்கு வந்திருப்பார். தபாலும் தொலைபேசியும் அறுந்து கிடந்த காலத்தில் அந்த வேலிதான் டீச்சருக்குச் செய்தித்தாள். அங்கே கேட்டுவந்ததை மறுநாள் கொட்டப்பட்டு அகதி முகாமுக்குப் போய்ச் சொல்வார். முகாம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. படகில் ராமேசுவரம் வந்து, அங்கிருந்து லாரியில் திருச்சி வந்த குடும்பங்கள், ஊர்ப்பக்கமிருந்து வரும் விமானங்கள் தலைக்கு மேலே தாழ இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வருஷங்களைக் கழித்தன. இன்று அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்துவிட்டன.

டீச்சரின் மகன் பிறகு கனடா போய்ச் சேர்ந்தான். டொரன்டோவில் சில காலம் இருந்துவிட்டு, கணக்கர் வேலைக்காக வடக்கே, ஆர்க்டிக் பக்கம், இகாலுயிட் என்ற ஊருக்குப் போனான். நுனவுட் ஆட்சிப்பகுதியின் தலைநகரம் அது. பாஃபின் தீவில் இருக்கிறது. ஏழாயிரத்துச் சொச்சம் பேர். வெளியிலிருந்து ஒரு சாலைகூட அந்த ஊருக்குப் போகாது. கடல் பெரும்பாலான மாதங்கள் உறைந்து கிடக்கும்; கோடையில்தான் கப்பல். தக்காளியிலிருந்து தபால்வரை மற்ற நாளெல்லாம் விமானம்தான். 1942இல் அமெரிக்க ராணுவம் போருக்காகப் போட்ட ஓடுபாதை. அதைச் சுற்றித்தான் அந்த ஊரே வளர்ந்தது. அங்கே மஞ்சள் நிறத்தில் சின்னதாக ஒரு நிலையம் இருந்தது. விமானம் வந்தால் ஊரில் பாதி அங்கேதான் நிற்கும் என்று எழுதினான். சொந்தக்காரர் வராவிட்டாலும் வருவார்களாம். யார் வருகிறார், தெற்கே ஆஸ்பத்திரிக்குப் போன யார் நல்லபடியாகத் திரும்புகிறார் என்று பார்ப்பார்களாம். 'அம்மா இங்க வந்தா ஒரு நாளும் தவறமாட்டா' என்று அவன் எழுதிய வரியை டீச்சர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்துக்காட்டினார். 2017இல் அந்த ஊருக்கும் பெரிய புதுக் கட்டடம் வந்தது. மஞ்சள் கட்டடம் ஓய்ந்தது. டீச்சர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஓயாமாரி சுடுகாட்டில் எரித்து, கொள்ளிடத்தில் கரைத்தோம்.

எங்கள் வேலி எப்படிப் போயிற்று என்று கேட்டால், ஒரே நாளில் போகவில்லை. 1984 ஆகஸ்ட் 2 இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொழும்பு விமானத்துக்கென்று வந்த பெட்டியில் இருந்த குண்டு அது. அதற்குப் பிறகு கொழும்புக்கு விமானம் போகும் எந்த நிலையத்திலும் பழைய சகஜம் இருக்க முடியவில்லை. 1999 டிசம்பரில் காந்தகார் விமானக் கடத்தல். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை நாட்டின் விமான நிலையங்களுக்கு வந்தது. வழியனுப்ப வந்தவர்கள் வாசலோடு நிறுத்தப்பட்டார்கள். 2009இல் திறந்த கட்டடத்தில் ஏரோபிரிட்ஜ் வந்தது. பயணி வெயிலில் காலே வைக்காமல் குழாய்க்குள் நடந்து விமானத்துக்குள் போய்விடலாம். படிக்கட்டு போயிற்று. உச்சிப்படியில் திரும்புவதும் அதோடு போயிற்று. இவை ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் உண்டு. மீனம்பாக்கத்தில் செத்தவர்களை நினைத்தால் சோதனைகளைப் பற்றி ஒரு சொல் குறைசொல்ல எனக்கு நாக்கு எழாது.

புதிய கட்டடத்தையும் குறைசொல்ல மாட்டேன். சுமார் 75,000 சதுர மீட்டர். முந்தையதைப் போல ஆறு மடங்குக்கு மேல். 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. ஆண்டுக்கு 44 லட்சம் பேர் புழங்கலாம். ரங்கநாதர் கோயில் கோபுரத்து வண்ணங்களை முகப்பில் குழைத்திருக்கிறார்கள். சுவரில் கோலமும் ஓவியமும். ஸ்ரீரங்கத்துக்காரன் எவனுக்கும் அந்த வாசலில் நிற்கும்போது நெஞ்சு நிமிரும். மழை நாளில் நனைந்துகொண்டே விமானத்துக்கு ஓடிய கர்ப்பிணிகளையும், படியேற முடியாமல் நாற்காலியோடு தூக்கிச் செல்லப்பட்ட கிழவர்களையும் பார்த்தவன் நான். இன்று அவர்கள் சக்கர நாற்காலியில் சொகுசாகப் போகிறார்கள். அது பெரிய காரியம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதும் வேன்கள் வருகின்றன. அறந்தாங்கியிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் அதே இருபது பேர் வருகிறார்கள். நுழைவாசலில் துப்பாக்கி ஏந்திய காவலர் பயணச்சீட்டையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து உள்ளே விட்டதும், பையன் கண்ணாடிக்குப் பின்னால் நாலடி தெரிகிறான். பிறகு தூணுக்குப் பின்னால் போய்விடுகிறான். அம்மா இந்தக் கண்ணாடிக்கும் அந்தக் கண்ணாடிக்கும் ஓடுகிறாள். 'உள்ளே போயிட்டேம்மா, கிளம்புங்க' என்று போனில் சொல்கிறான். அவர்களும் கிளம்பிவிடுகிறார்கள். அவன் ஏறுவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். விமானம் தரையை விட்டு எழும்பும்போது வேன் கீரனூரைத் தாண்டியிருக்கும். புதுக்கோட்டை சாலையில் போகும் வேன் ஜன்னல் வழியாக ஒரு கிழவி வானத்தைப் பார்த்து 'அதுவா? அதுவா?' என்று கேட்டதை நான் காதால் கேட்டேன். யாருக்கும் பதில் தெரியவில்லை.

பிள்ளையை ஏற்றிச் செல்கிற விமானம் எழும்புவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் வீட்டுக்குத் திரும்ப ஒரு தைரியம் வரும். போய்விட்டான், பத்திரமாக மேலே போய்விட்டான் என்று மனசு ஒப்புக்கொள்ளும். என் அம்மா அன்று புளியோதரை சாப்பிட்டது விமானம் மறைந்த பிறகுதான்.

2025 மார்ச் 30இல் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ விமானம் பறக்கத் தொடங்கியது. டீச்சரின் மகள், கே.கே. நகரில் இருக்கிற அக்கா, என்னையும் கூட வரச் சொன்னார். இது ஏடிஆர் ரகம், உந்துவிசிறி விமானம். ஏரோபிரிட்ஜ் இல்லை. பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கினார்கள். வால்பக்கக் கதவின் சின்னப் படிக்கட்டில் ஏறினோம். படியில் கால் வைத்ததும் நான் நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். நீளமான கண்ணாடிச் சுவர் வெயிலில் மின்னியது; அதற்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று தெரியவில்லை. யாரும் நின்றிருக்கவும் வழியில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பாக் நீரிணையைத் தாண்டி, பனந்தோப்புகளுக்கு மேலே தாழப் பறந்து பலாலியில் இறங்கினோம்.

அக்கா படி இறங்கி, குனிந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நடந்தே போகிற தூரத்தில் கட்டடம். அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. அவ்வளவு சின்னது. ஒரே தளம், தாழ்ந்த கூரை. 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்தது. பெரிய ரக விமானம் இறங்க ஓடுபாதை போதாது. குடிவரவு மேசையில் இருந்த பெண், 'அம்மா, எத்தினை வருசத்துக்குப் பிறகு வாறியள்?' என்று அக்காவிடம் தமிழில் கேட்டார். பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன் திருச்சி எப்படி இருந்ததோ அப்படி. பலாலியும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ்காரர்கள் போட்ட தளம்தான். 90களில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 சாலை அடைபட்டுக் கிடந்தபோது குடாநாட்டு ஜனத்துக்குக் கொழும்போடு இருந்த வழி கப்பலும் இந்த ஓடுபாதையும்தான். 1998 செப்டம்பர் 29இல் இங்கிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் ஐம்பத்தைந்து பேரோடு மன்னார்க் கடலில் விழுந்தது. இன்றும் ராணுவப் பகுதிக்கு நடுவில்தான் இருக்கிறது. உறவினர்கள் வெளியில், தூரத்தில் காத்திருந்தார்கள். அங்கும் வேலியோரம் கிடையாது.

திரும்பி வரும்போது வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். விமானம் கிழக்கிலிருந்து இறங்கியதால் காவிரியும் கொள்ளிடமும் நடுவே ராஜகோபுரமும் தெரிந்தன. 'அம்மா எங்க கும்பிட்டாவோ அதே கோபுரம்' என்றார் அக்கா. டீச்சர் முதலில் வந்தபோது அது மொட்டைக் கோபுரம். 1987இல்தான் 236 அடிக்கு முழுமையானது என்று சொன்னேன். 'அம்மா அதைச் சொல்லியிருக்கிறா' என்று சிரித்தார்.

திருச்சி விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்களுக்கு ஒரு மாடம் வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல. டோக்கியோவின் ஹனேடா, உலகத்தின் மிகப் பெரிய நிலையங்களில் ஒன்று; அங்கே கட்டடத்தின் மேல்தளத்தில் திறந்தவெளி விட்டிருக்கிறார்கள். உறுதியான கம்பிவலை போட்டு, யார் வேண்டுமானாலும் போய் நின்று விமானம் பார்க்கலாம். ஜப்பானில் பாதுகாப்புக்குக் குறைவில்லை. இங்கே தனிச் சோதனை வைக்கட்டும், அடையாள அட்டை கேட்கட்டும், சீட்டுக்குக் காசு வாங்கட்டும். திருச்சியை விட இதற்கு உரிமை உள்ள ஊர் தமிழ்நாட்டில் இல்லை. இங்கே விமானம் ஏறுகிறவர்களில் எத்தனையோ பேர் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில், கடன் வாங்கி, முதல் தடவையாக வீட்டை விட்டுப் போகிறவர்கள். ஓடுபாதை தெரிகிற பக்கமாக மாடம் அமைய வேண்டும். கிழவிகள் உட்கார நாலு பெஞ்சு, மேலே கொஞ்சம் நிழல், ஒரு குடிதண்ணீர்க் குழாய். இப்போது நகர்கிற விமானம் சிங்கப்பூர் போவதா, ஷார்ஜா போவதா, கொழும்பு போவதா என்று தமிழில் சொல்ல ஒரு ஒலிபெருக்கி. குடை கொண்டுபோக அனுமதி வேண்டும்.